வைரத்தின் வெட்டும் தமிழர் அணிகலனும்: கமுந்திங் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

தமிழர் வாழ்வில் அணிகலன் அழகுக்குரிய பொருள் மட்டுமன்று. அது பெண்ணுக்குரிய சொத்து, குடும்பத்தின் சேமிப்பு, இடர் நேருங்கால் அடகு வைத்து மீட்கத்தக்க கைம்முதல். மலேசியத் தமிழரிடையே தங்கத்தைப் பற்றிய அறிவு பரவலாக உள்ளது. 916 என்னும் முத்திரையின் பொருளையும் அன்றைய கிராம் விலையையும் அறியாத இல்லத்தரசியர் மிகச் சிலரே. ஆயினும், அத்தங்கத்தில் பதிக்கப்படும் வைரத்தைப் பற்றி, குறிப்பாக அதன் வெட்டைப் பற்றி, பொதுமக்களுக்கு விளங்கும்வண்ணம் தமிழில் கிடைக்கும் செய்திகள் குறைவே.

இவ்வறிவு இன்று இரு வகையில் தேவைப்படுகின்றது. திருமணத்திற்கு நகை தேடும் இளையோருள் சிலர், எங்கும் காணப்படும் வட்ட வைரத்தை விடுத்து, தட்டை வைரம், ரோஜா வெட்டு, படிவெட்டு போன்ற வழக்கத்திற்கு மாறான வெட்டுகளை நாடுகின்றனர். மறுபுறத்தில், பாட்டியாரின் பழைய தோட்டையோ மூக்குத்தியையோ மரபுரிமையாகப் பெற்ற குடும்பங்கள், அக்கற்கள் 'பளபளப்பாக இல்லை' என்னும் காரணத்தால் அவற்றைக் கழித்துக் கட்டவோ மீண்டும் பட்டை தீட்டவோ முற்படுகின்றன. இவ்விரண்டும் வெவ்வேறு செய்திகள்போல் தோன்றினும் அடிப்படையில் ஒன்றே. கடைகளில் புதுமை எனக் காட்டப்படும் வெட்டுகளுள் சில, நம் பழைய நகைப்பெட்டிகளில் முன்பே உறங்கிக் கிடப்பவை. ஒரு வெட்டை அதற்குரிய இலக்கணத்தைக் கொண்டே மதிப்பிட வேண்டும். பிறிதொரு வெட்டின் இலக்கணத்தைக் கொண்டு மதிப்பிட்டால் நல்ல கல்லும் குறையுள்ளதாகத் தோன்றும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வட்டாரப் பின்னணி

பேராக் மாநிலத்தில் தைப்பிங் நகரை ஒட்டி அமைந்துள்ள கமுந்திங், ஈயச் சுரங்கத்தால் உருவான ஊர். கிளியான் பாரு என்னும் பழம்பெயர் பெற்றிருந்த இவ்வூர், 19ஆம் நூற்றாண்டின் லாருட் போர்களோடு தொடர்புடையது. 1874ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின்னர் இவ்வட்டாரத்தில் ஆங்கிலேயர் செல்வாக்கு வேரூன்றியது. 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கிலிருந்து, இன்று கோல செபெத்தாங் எனப்படும் போர்ட் வெல்ட் வரை, தீபகற்பத்தின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து வந்த இரப்பர்த் தோட்டக் காலத்தில் தமிழர் குடியேற்றம் பெருகிற்று.

இங்கு ஓர் உண்மையைத் தெளிவாகக் கூறிவிடல் வேண்டும். பால்மரம் வெட்டிப் பிழைத்த தொழிலாளர் குடும்பங்களுள் பெரும்பாலானவற்றுக்கு வைரம் எட்டாத பொருளாகவே இருந்தது. அவர்கள் அணிந்தவை வெள்ளைக்கல் தோடுகளும் சிவப்புக்கல் மூக்குத்திகளுமே. வைரம் பெரிதும் நகரத்தார், வணிகர், கங்காணியார், கிராணியார் முதலியோரின் இல்லங்களுக்குரியதாயிருந்தது. எனினும் நகை ஓரிடத்தில் நிற்பதில்லை. அடகில் மூழ்கியும் கைமாற்றாக விற்கப்பட்டும் சீராக வழங்கப்பட்டும் அது கைமாறிக்கொண்டே இருக்கும். ஆதலால், இன்று கமுந்திங்கில் ஒரு வீட்டில் இருக்கும் பழைய வெண்ணிறக் கல் கண்ணாடியாகவும் இருக்கலாம், வைரமாகவும் இருக்கலாம். குடும்பத்தின் பழைய பொருளாதார நிலையைக் கொண்டு அதனை முடிவு செய்தல் இயலாது. கல்லைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும்.

வெட்டு என்பது யாது?

'வெட்டு' என்னும் சொல் இருபொருள்பட வழங்குகின்றது. ஒன்று, கல்லின் புறவடிவம்: வட்டம், சதுரம், நீள்வட்டம், துளி வடிவம் போன்றவை. மற்றொன்று, கல்லின் மேல் தீட்டப்பட்ட பட்டைகளின் அமைப்பு: எத்தனை பட்டைகள், எக்கோணத்தில், எவ்வளவு ஆழத்தில் என்பது. விலையையும் தோற்றத்தையும் பெரிதும் நிர்ணயிப்பது இரண்டாவதே.

வைரத்தின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.42 ஆகும். சாதாரணக் கண்ணாடிக்கு அது 1.5 அளவினதே. இதன் விளைவாக, வைரத்தினுள் புகுந்த ஒளி அதன் உட்புறச் சுவரைச் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 24.4 பாகைக்கு மேற்பட்ட சாய்வில் தாக்குமாயின், வெளியேறாது முழுமையாகத் திருப்பப்படுகின்றது. கண்ணாடியில் இவ்வெல்லை 42 பாகையளவில் உள்ளது. ஆகவே கண்ணாடியில் எளிதில் கசிந்துவிடும் ஒளியை, வைரத்தில் தக்க கோணத்தில் பட்டை தீட்டுவதன் வழி மீண்டும் மேற்புறமாகவே திருப்பிவிட இயலும்.

இவ்வியல்பைக் கணக்கிட்டு நூலாக்கியவர் மார்செல் தோல்கோவ்ஸ்கி. ஆண்ட்வெர்ப் நகர வைரத்தொழிற் குடும்பத்தைச் சேர்ந்த இவர் 1919ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்ட நூலில், அடிப்புறப் பட்டைகள் 40.75 பாகையிலும் மேற்புறப் பட்டைகள் 34.5 பாகையிலும் அமைதல் சிறப்பு எனக் காட்டினார். இன்று கடைகளில் காணப்படும் 57 அல்லது 58 பட்டைகள் கொண்ட 'பிரில்லியண்ட்' வட்ட வெட்டு, இக்கணக்கை ஒட்டி வளர்ந்ததாகும்.

பால்மரம் வெட்டியோர்க்கு இதனை விளக்குதல் எளிது. கத்தி மேலோட்டமாகச் சென்றால் பால் சுரவாது. ஆழமாகச் சென்றால் மரம் காயப்படும். அதுபோன்றே பிரில்லியண்ட் வெட்டில் அடிப்பகுதி ஆழம் குறைந்தால் நடுவில் ஒளி கசிந்து கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். ஆழம் மிகுந்தால் நடுப்பகுதி இருண்டுவிடும். ஆனால், இவ்விதி பிரில்லியண்ட் வெட்டுக்குரியது. எல்லா வெட்டுகளும் இந்நோக்கத்தோடு பிறந்தவை அல்ல.

தமிழ் மரபில் வைர வடிவங்கள்

வடமொழி இரத்தினச் சாத்திர நூல்கள் சிறந்த வைரத்திற்கு ஆறு கோடிகளும் எட்டுப் பலகைகளும் பன்னிரண்டு தாரைகளும் கூறுகின்றன. கோடி என்பது முனை. பலகை என்பது முகம். தாரை என்பது விளிம்பு. இவ்வெண்கள் இயற்கையில் வைரம் படிகமாகும் எண்முக வடிவத்திற்கு முற்றும் பொருந்துவன. எனவே, பண்டைய இந்திய நோக்கில் தலைசிறந்த வைரம் என்பது மனிதன் வெட்டியது அன்று. நிலத்தில் விளைந்த வடிவம் கெடாதது. வைரத்தை வெட்டித் தேய்த்தால் அதன் நற்பயன் குன்றும் என்னும் கருத்தும் அம்மரபில் உண்டு.

தமிழில் வயிரம் என்னும் சொல் மரத்தின் உள்ளிறுகிய பகுதியையும் குறிப்பது இங்கு நோக்கத்தக்கது. வயிரம் பாய்ந்த மரம் என்கிறோம். இங்கு முன்னிற்பது ஒளியன்று, உறுதியே.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, மதுரையின் மணிக்கடைத் தெருவைக் காட்டுகின்றது. அங்கே வைரத்திற்குக் களங்கம், ஏகை, விந்து, காகபாதம் என்னும் குற்றங்கள் பேசப்படுகின்றன. கறை, கீற்று, புள்ளி, காக்கைக் கால்போன்ற கோடு என இவற்றைப் பொதுவாக விளக்கலாம். இன்றைய ஆய்வகங்கள் பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடியின்கீழ்த் தேடும் உட்குறைகளும் இவற்றை ஒத்தனவே. அத்தெருவைக் கண்டுவந்த கோவலன், பின்னர்ச் சிலம்பின் உள்ளே இருந்த மணி இன்னது என்று அறியப்படாமையால் உயிரிழந்தான் என்பதையும் நாம் மறத்தற்கில்லை. அணிகலனில் உள்ள கல்லை அறிதல் வெறும் அலங்கார அறிவன்று; அது சான்றறிவு.

இலக்கியத்தினும் துல்லியமான சான்று தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் உள்ளது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையாரும் அளித்த அணிகலன்கள் அங்கே பட்டியலிடப்பட்டுள்ளன. தங்கம் இவ்வளவு, முத்து இத்தனை, வைரம் இத்தனை என்பதோடு அப்பட்டியல் நின்றுவிடவில்லை. விளிம்பு மழுங்கலின்றிச் சமமாக அமைந்ததை மட்டதாரை என்றும், தட்டையானதைச் சப்படி என்றும், சதுரமானதைச் சவக்கம் என்றும் வைரங்கள் வடிவம்வாரியாகப் பிரித்துரைக்கப்பட்டுள்ளன. புள்ளியுள்ளவை, வெடிப்புள்ளவை, வெந்த தழும்புள்ளவை என அவற்றின் குறைகளும் மறைக்கப்படாமல் பொறிக்கப்பட்டுள்ளன. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என எடையும் தரப்பட்டுள்ளது. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே தமிழில் வைரத்தின் வடிவங்களுக்குத் தனித்தனிச் சொற்கள் வழக்கிலிருந்தன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. இன்று மேலைநாட்டுக் கடைகளில் 'போர்ட்ரெய்ட்' வெட்டு என்னும் பெயரில் விற்கப்படும் தட்டை வைரத்தைக் காணும்போது, நமக்குச் சப்படி என்னும் கல்வெட்டுச் சொல் நினைவுக்கு வருதல் இயல்பு.

எடையா, ஒளியா?

17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டாச் சுரங்கங்களைக் கண்டு எழுதிய பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, இந்தியப் பட்டை தீட்டுவோரின் முறையைக் குறித்துள்ளார். குற்றமற்ற கல்லாயின் அதன் மேற்பரப்பைச் சற்றே தீட்டி, எடை குறையாதவாறு விட்டுவிடுவர். குறையுள்ள கல்லாயின் அக்குறை தெரியாதவாறு பல சிறு பட்டைகளை இடுவர் என்பது அவர் கூற்று. ஐரோப்பியச் சாணைகளைப்போல் இந்தியச் சாணைகள் மெருகேற்றுவதில்லை என்றும் அவர் எழுதினார். இக்கூற்றிலிருந்து ஒன்று தெளிவாகும்: நம்மவர் வெட்ட அறியாமையால் வெட்டாது விட்டனர் அல்லர், எடையையும் இயல்பான வடிவத்தையும் காப்பதையே முதன்மையாகக் கொண்டனர்.

இவ்விரு நோக்கங்களும் மோதிக்கொண்ட வரலாற்று நிகழ்ச்சி கோஹினூர் வைரத்தின் மறுவெட்டு ஆகும். 1851ஆம் ஆண்டில் இலண்டன் பெருங்கண்காட்சியில் அது வைக்கப்பட்டபோது, அதில் போதிய ஒளியில்லை என்று மக்கள் ஏமாற்றமடைந்தனர். மறு ஆண்டிலேயே அரசியாரின் கணவர் ஆல்பர்ட்டின் முயற்சியால் அது மீண்டும் வெட்டப்பட்டது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து வரவழைக்கப்பட்ட தொழிலாளர் 38 நாள்கள் உழைத்தனர். இன்றைய அளவைப்படி ஏறத்தாழ 191 காரட் எடையிருந்த கல் 105.6 காரட்டாகக் குறைந்தது; அதாவது எடையில் ஏறக்குறைய 45 விழுக்காடு துகளாயிற்று. நாம் மேற்படிப்பு நிமித்தம் இங்கிலாந்தில் இருந்த காலத்தில் இலண்டன் கோபுரத்தில் இக்கல்லைக் கண்டதுண்டு. அழகிய கல்லே, ஐயமில்லை. ஆயினும் கண்காட்சிக்கு வந்தோர் குறையெனக் கண்டது, கல்லின் குறையன்று. தாம் பழகிய வெட்டு அதில் இல்லாமையே. முகலாய, பாரசீக, சீக்கிய அரசவைகள் போற்றிய வடிவம் மீட்க இயலாவண்ணம் மறைந்தது.

மாறாக, இரானின் அரச அணிகலன்களுள் உள்ள தரியாயே நூர் என்னும் இளஞ்சிவப்பு வைரம் இன்றும் தட்டைப் பலகை வடிவிலேயே காக்கப்படுகின்றது. இந்தியாவில் வெட்டப்பட்ட பழைய முறைக்கு அதுவே கண்கண்ட சான்றாக விளங்குகின்றது.

இந்தானும் பெர்லியானும்

நம் நாட்டு வழக்கும் இவ்வேறுபாட்டை அறிந்ததே. மலாய்மொழியில் வைரத்தை இந்தான் என்றும் பெர்லியான் என்றும் வழங்குவர். பெர்லியான் என்பது பிரில்லியண்ட் என்னும் ஐரோப்பியச் சொல்லின் வழிவந்து, நன்கு பட்டை தீட்டப்பட்டு மின்னும் கல்லைக் குறிக்கும். இந்தான் என்பதோ பொதுவாக வைரத்தையும், நகைத்தொழிலில் குறிப்பாக ரோஜா வெட்டும் முழுமையாக வெட்டப்படாத கல்லும் ஆகியவற்றையும் சுட்டும். பினாங்கு, மலாக்கா பாபா நோன்யா சமூகத்தாரின் பழைய கெரோசாங் அணிகளில் இந்தான் கற்களையே மிகுதியும் காணலாம். அவ்வணிகளைச் செய்தோருள் சீனப் பொற்கொல்லரோடு இந்திய, இலங்கைப் பொற்கொல்லரும் இருந்தனர்.

ரோஜா வெட்டு என்பது அடிப்புறம் தட்டையாகவும் மேற்புறம் குவிந்தும், முக்கோணப் பட்டைகளால் மொட்டுப்போல் அமைந்தும் இருப்பது. ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டிலிருந்து பரவிய இது, அகல்விளக்கும் மெழுகுவத்தியும் எரிந்த காலத்திற்கு உரியது. பட்டைகள் அகலமாதலின், சிறு அசைவிலும் பெரிய ஒளித்தளங்கள் மெல்ல மின்னி மறையும். பிரில்லியண்ட் வெட்டோ ஒளியைச் சிறுசிறு பொறிகளாகச் சிதறடிக்கும். முன்னது நிலவொளி போன்றது. பின்னது மத்தாப்பு போன்றது எனலாம். கடையின் மேற்கூரையிலிருந்து பாயும் கூர்விளக்கின்கீழ் இரண்டையும் ஒப்பிட்டால் பின்னதே வெல்லும். வீட்டுக் கூடத்திலும் கோயில் விளக்கொளியிலும் ஒப்பிட்டால் முடிவு வேறாகலாம்.

தமிழ்நாட்டு மரபில் 20ஆம் நூற்றாண்டில் செல்வாக்குப் பெற்ற 'புளூ ஜாகர்' என்னும் சொல் வெட்டைக் குறிப்பதன்று. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பாண்டைன் சுரங்கப் பெயரிலிருந்து வந்து, நீலச்சாயல் காட்டும் வெள்ளை வைரத்தைச் சுட்டுவது அது. நிறப்பெயரை வெட்டின் பெயராகக் கொண்டு குழம்புவோர் உளராதலின் இதனை இங்குக் குறிப்பிட்டோம்.

அணிகலனுக்கு ஏற்ற வெட்டு

வழக்கத்திற்கு மாறான வெட்டை விரும்புவோர் முதலிற் கேட்கவேண்டிய வினா, 'எது அழகு?' என்பதன்று, 'எந்த அணிகலனுக்கு?' என்பதே.

ஏழுகல் தோடு: ஒரே அளவுள்ள வட்டங்களுள் ஒன்றை நடுவே வைத்தால், அதனையும் தம்முள் ஒன்றையொன்றும் தொடுமாறு மிகச் சரியாக ஆறு வட்டங்கள் சுற்றி அமையும். ஏழுகல் தோட்டின் பூவடிவம் இவ்வடிவியல் உண்மையின்மேல் நிற்பது. ஆகவே அங்கே கல் வட்டமாயிருத்தல் இன்றியமையாதது. சதுரக் கல் அவ்வமைப்பில் பொருந்தாது. வேறுபாடு விரும்புவோர் வட்டமான ரோஜா வெட்டையோ பழைய முறைப் பிரில்லியண்ட் வெட்டையோ கொள்ளலாம். அல்லது நடுக்கல்லை மட்டும் வட்டமாக வைத்து, இதழ்களுக்குத் துளிவடிவக் கற்களைக் கொள்ளலாம். ஒரு சோடிக்கு 14 கற்கள் ஒத்திருக்க வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க. அரிய வெட்டில் ஒரு கல் தவறிவிட்டால் அதற்கு இணை தேடுதல் அரிது. இயலுமாயின் தொடக்கத்திலேயே உதிரியாக ஒரு கல் வாங்கி வைத்தல் நன்று.

மூக்குத்தி: இங்கு இடம் சிறிது, ஆழமான கல் துருத்தி நிற்கும். எடை ஒன்றாயினும், தட்டையான கல் மேற்பரப்பில் அகன்று தோன்றும். 1 காரட் பிரில்லியண்ட் வட்டம் ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர் விட்டமும் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் ஆழமும் உடையது. அதன் எடையில் பெரும்பங்கு கண்ணுக்குப் புலனாகாத அடிப்பகுதியிலும் இடுப்பளவிலும் தங்கிவிடுகின்றது. ஆகவே மூக்குத்திக்கு ரோஜா வெட்டு மிகவும் இயைந்தது.

மோதிரம்: மோதிரக் கல் நாள்தோறும் மோதுண்பது. வைரம் பொருள்களுள் மிகக் கடினமானதாயினும் உடையாத ஒன்றன்று. நான்கு திசைகளில் எளிதிற் பிளவுறும் இயல்பு அதற்குண்டு. கூரிய மூலையுடைய சதுர வெட்டும் இருமுனை கூரிய 'மார்க்கீஸ்' வெட்டும் முனையில் சிதையக்கூடும். முனைகளைத் தங்கம் மூடிக் காக்கும் பதிப்பு அவற்றுக்குத் தேவை. மூலை வெட்டப்பட்ட படிவெட்டு இவ்வகையில் பாதுகாப்பானது. 1902ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் உருவான ஆஷர் வெட்டும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஆனால் படிவெட்டின் அகன்ற மேற்பலகை கல்லின் உட்குறையைச் சன்னல்போல் காட்டிவிடும். எனவே அதற்குத் தூய்மை மிக்க கல் வேண்டும்.

பதக்கமும் தொங்கலும்: இவை மோதலுக்கு அஞ்சாதவை. தட்டை வைரத்தையும் துளிவடிவத்தையும் துணிந்து கொள்ளலாம். நீள்வட்டம், துளி, மார்க்கீஸ் ஆகியவற்றில் நடுவே வில்முடிச்சுப்போல் ஓர் இருட்பட்டை தோன்றுவதுண்டு. கல்லை மெல்ல அசைத்துப் பார்த்து, அவ்விருள் மாறாது நிற்குமாயின் தவிர்க்க.

சான்றிதழைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். உலகெங்கும் மதிக்கப்படும் ஜி.ஐ.ஏ. ஆய்வகம், வழக்கமான வட்ட பிரில்லியண்ட் வைரத்திற்கே வெட்டுத்தரம் வழங்குகின்றது. பிற வடிவங்களுக்கு எடை, நிறம், தூய்மை முதலியவற்றைத் தருமேயன்றி அவ்வெட்டுத்தரத்தைத் தருவதில்லை. ஆகவே அரிய வெட்டை வாங்குவோர் தாளை நம்பி அமைதல் போதாது, கண்ணை நம்பவேண்டும். கடைவிளக்கில் ஒருமுறை, வாயிலருகே பகலொளியில் ஒருமுறை, மங்கிய ஒளியில் ஒருமுறை என மூன்று ஒளியில் பார்த்தல் நலம்.

1954ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செயற்கையாக ஆக்கப்பட்ட வைரம், இன்று நகைக்கடைகளில் ஆய்வக வைரம் என்னும் பெயரில் பரவியுள்ளது. அதுவும் வேதியியல்படி வைரமே. கண்ணால் பிரித்தறிய இயலாது. மூலக்கல் மலிவாதலின், எடையிழப்புக்கு அஞ்சாது அரிய வெட்டுகளை அதில் செய்ய இயலும். ஆனால் மறுவிற்பனை மதிப்பில் அது இயற்கைக் கல்லுக்கு ஈடாகாது. எது வாங்கப்படுகின்றது என்பதை விலைச்சீட்டில் எழுதித் தருமாறு கேட்பது பயனீட்டாளரின் உரிமை.

பழைய கல்லை மாற்றுமுன்

நம் கட்டுரையின் இன்றியமையாப் பகுதி இதுவே. வெண்கல் வைரமா என அறிய, கல்லை அச்செழுத்தின்மீது கவிழ்த்து வைத்து எழுத்துத் தெரிகிறதா என்று பார்க்கும் வழக்கம் உண்டு. எழுத்துத் தெரிந்தால் கண்ணாடி, தெரியாவிட்டால் வைரம் என்பர். இச்சோதனை பிரில்லியண்ட் வெட்டுக்கு ஓரளவு பொருந்தும். ஏனெனில் அவ்வெட்டு ஒளியை மேல்நோக்கித் திருப்புவதற்கென்றே அமைந்தது. தட்டை வைரத்திலும் அடி தட்டையான ரோஜா வெட்டிலும் ஒளி நேரே ஊடுருவும். எனவே உண்மையான வைரத்தின் வழியாகவும் எழுத்துத் தெரியும். இச்சோதனையை மட்டும் நம்பினால் பாட்டியாரின் வைரம் கண்ணாடியெனக் கழிக்கப்பட்டுவிடும். அடகுக்கடையிலும் பழைய நகை மாற்றும் இடத்திலும் பெரும்பாலும் தங்கத்தின் எடையே கணக்கிடப்பட்டுக் கல்லின் எடை கழிக்கப்படுவதால், இத்தவறு நிகழ்ந்ததும் தெரியாமலே போகக்கூடும்.

வெப்பங்கடத்தும் தன்மையைக் கொண்டு சோதிக்கும் சிறு கருவி வெட்டைச் சார்ந்ததன்று. ஆதலால் பழைய கல்லுக்கு அதுவே ஏற்றது. மொய்சனைட் என்னும் கல்லும் அதில் வைரம்போல் காட்டுமாயினும், அது நகைச்சந்தைக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். பழைய நகையின் மூலக் கற்களில் அவ்வையம் எழாது. கீறிப்பார்த்தலும் தட்டிப்பார்த்தலும் கூடவே கூடா.

பழைய தோடுகள் பல, பின்புறம் மூடிய பதிப்பாக, கல்லின் அடியில் ஒளிதிருப்பும் மெல்லிய தகடு வைத்துக் கட்டப்பட்டவை. பட்டை செய்யாத பணியைத் தகடு செய்கின்றது. இத்தகைய நகையை வெந்நீரிலும் சவர்க்கார நீரிலும் ஊறவைத்தாலோ அதிரொலிக் கருவியில் இட்டாலோ நீர் உட்புகுந்து தகடு கறுக்கும். கல் 'ஒளியிழந்தது' என நாம் கருதுவது பல வேளைகளில் தகடு கறுத்ததன் விளைவே. பின்புறம் திறந்த பதிப்பிலோ எண்ணெய்க் குளியலின் பிசுக்கு அடிப்பட்டைகளில் படிந்து ஒளியைக் கசியவிடும். அது மென்மையான தூரிகையால் நீங்குவது. இவ்விரண்டிற்கும் மருந்து பராமரிப்பே, மறுவெட்டு அன்று.

மறுவெட்டின் இழப்பை ஒரு கணக்கால் காட்டலாம். 6 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ஒரு ரோஜா வைரத்தைக் கொள்வோம். பிரில்லியண்ட் வெட்டின் ஆழம் விட்டத்தில் ஏறக்குறைய 60 விழுக்காடாதலின், அவ்வுயரத்திற்குள் அமையக்கூடிய வட்டத்தின் விட்டம் அதிகம்போனால் 3.3 மில்லிமீட்டர், எடை 0.13 காரட். எடையில் பாதிக்கு மேலும் முகப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கும் போய்விடும். எஞ்சுவது எந்தக் கடையிலும் கிடைக்கும் ஒரு சிறு கல். இழந்தது எங்கும் கிடைக்காத ஒன்று.

மாற்றம் வேண்டுமெனின், கல்லை விட்டுப் பதிப்பை மாற்றலாம். மூடிய பதிப்புப் பணியறிந்த பொற்கொல்லர் அருகி வருகின்றனர் என்பது உண்மையே. எனினும் தகட்டை மட்டும் புதுப்பித்தலும், தோட்டுக் கற்களைப் பதக்கமாக மாற்றிக் கட்டுதலும் செய்யத்தக்கவை. அவ்வாறு செய்யும்போது கற்களை எண்ணி, எடையிட்டு, படமெடுத்த பின்னரே ஒப்படைத்தல் வேண்டும்.

முடிவுரை

வைரத்தின் வெட்டு என்பது தரவரிசையில் மேலும் கீழுமாக நிற்கும் படிகள் அன்று. ஒவ்வொரு வெட்டும், கல்லிலிருந்து எதைக் காக்கவேண்டும், எதை இழக்கலாம் என்னும் வினாவுக்கு ஒரு காலமும் ஒரு சமூகமும் அளித்த விடையாகும். பிரில்லியண்ட் வெட்டு எடையை இழந்து ஒளியைப் பெற்றது. சப்படியும் இந்தானும் எடையையும் அகலத்தையும் காத்து, ஒளிக்குத் தகட்டையும் விளக்கையும் துணைகொண்டன. அரிய வெட்டை நாடும் இன்றைய இளையோர் இவ்விரண்டையும் அறிந்து தேர்வாராயின், அவர்தம் தேர்வு வெறும் புதுமை விருப்பாக நில்லாது பொருளுடையதாகும்.

இராசராசன் தன் கொடையைப் பொறிக்கும்போது கல்லின் எண்ணிக்கையோடு வடிவத்தையும் எடையையும் குறையையும் சேர்த்தே பொறித்தான். கமுந்திங்கில் ஒரு குடும்பம் அதனைச் செய்யக் கல்லும் உளியும் வேண்டா. ஒரு குறிப்பேடு போதும். இந்நகை யாரிடமிருந்து வந்தது, கற்கள் எத்தனை, வெட்டு எத்தகையது, எங்கே சோதிக்கப்பட்டது என்று எழுதி வைப்பின், அடுத்த தலைமுறை அதனை விற்பினும் காப்பினும் அறிந்து செய்யும். தோட்டப்புறத் தமிழரின் பொருள்சார் வரலாறு பெரிதும் எழுதப்படாதது. அதன் சிறு பகுதியேனும் நகைப்பெட்டிகளுள் உள்ளது என்பதை உணர்ந்து, உருக்குவதற்கும் வெட்டுவதற்கும் முன்னர் அதனைப் படித்தறிதல் நம் கடமையாகும்.